‘இங்க குடுங்க அக்கா, நான் பண்ணிடறேன்’

பதினொரு மணி இடைவேளை. இருபது நிமிடம்தான். நூலகத்தில் புத்தகம் எடுக்கவும் திருப்பித் தரவும் மாணவிகள் வரிசையில் நிற்கிறார்கள். கவுன்டரில் அக்கா. ஒரு புத்தகத்தின் பார்கோடை ஸ்கேனர் எடுக்கவில்லை, எண்ணைக் கையால் அடிக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் அடிப்பது என்று அவர் தேடுகிறார். அம்புக்குறி திரை முழுக்க அலைகிறது. வரிசையில் யாரோ உச்சுக்கொட்டுகிறார்கள். அவசரமாக ஒரு நூலை எடுத்துப்போக வந்த நான் கவுன்டரைச் சுற்றி உள்ளே போனேன். “இங்க குடுங்க அக்கா, நான் பண்ணிடறேன்” என்று மவுஸை வாங்கினேன். அவர் எழுந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். நான் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் வரிசை கரைந்தது. “தேங்க்ஸ் மேடம்” என்றார். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வகுப்புக்குப் போனேன்.

அந்தத் திருப்தியில் என்ன தவறு என்று புரிய எனக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆனது. உதவி எப்போது அநீதியாகிறது என்ற கேள்வியை அந்த ஓராண்டைக் கொண்டே யோசித்துப் பார்க்கிறேன்.

அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்டேன். “வேண்டாம் மேடம், வேலை விஷயம்” என்றார். ஐம்பத்திரண்டு வயது. பிளஸ் டூவுக்குப் பிறகு நூலக அறிவியல் சான்றிதழ்ப் படிப்பு. இருபத்து மூன்று ஆண்டுகளாக எங்கள் கல்லூரியில் நூலக உதவியாளர், இன்றும் தொகுப்பூதியம். எனக்கு நாற்பத்து நான்கு. என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்கிறேன். அவர் என்னை மேடம் என்கிறார். இந்தப் பக்கமிருந்து உறவுமுறையாகப் போகும் சொல், அந்தப் பக்கமிருந்து பதவியாகத் திரும்பி வருவதைப் பல ஆண்டுகள் நான் கவனிக்கவே இல்லை.

கார்டு கேட்லாக் இருந்த காலத்தில் பாதித் தலைப்பைச் சொன்னால் போதும், அக்கா மீதியைச் சொல்லுவார். “அந்தப் பச்சை அட்டைப் புக்குதானே? மூணாவது பீரோ, கீழ்த்தட்டு. பைண்டிங் போயிருக்கும், பாத்து எடுங்க.” வேலை பார்த்துக்கொண்டே நான் முனைவர் பட்டம் முடித்தேன். ஆய்வேட்டுக்கு வேண்டிய பழைய நூல்களில் பாதி அவர் தூசு தட்டி எடுத்துத் தந்தவை. நன்றியுரையில் நெறியாளர் இருக்கிறார், முதல்வர் இருக்கிறார், நூலகர் இருக்கிறார். அக்கா இல்லை. அப்போது அது எனக்கு ஒரு விடுபடலாகக்கூடத் தோன்றவில்லை.

தர மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தைய ஆண்டு நூலகத்தைக் கணினிமயமாக்கினார்கள். கோஹா என்ற மென்பொருள். வெளியூர் நிறுவனம் ஒன்றின் ஆட்கள் வந்தார்கள், அக்செஷன் ரிஜிஸ்டரைப் பார்த்து விவரங்களை ஏற்றினார்கள், பார்கோடு ஒட்டினார்கள், போனார்கள். அட்டைப் பெட்டிகள் மாடிப்படிக்கு அடியில் போயின. ஊழியர்களுக்கு இரண்டு சனிக்கிழமைகள் இணையவழிப் பயிற்சி, ஆங்கிலத்தில். அக்கா வீட்டிலிருந்து கைபேசியில் பார்த்தார். “குக்கர் சத்தத்துல பாதி கேக்கல மேடம். கேட்டதுல பாதி புரியல” என்றார்.

அதன் பிறகு அவர் தானாகவே கற்க ஆரம்பித்தார். ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினார். ஒவ்வொரு திரையையும் பேனாவால் கட்டம் கட்டமாக வரைந்து, எங்கே அழுத்தினால் என்ன வரும் என்று குறித்துக்கொண்டார். ‘செக் அவுட் – கொடுப்பது. செக் இன் – வாங்குவது. ரென்யூ – தேதி தள்ளுவது’ என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. பாஸ்வேர்டு மட்டும் அந்த நோட்டில் இல்லை. கல்லூரி அவருக்குத் தனியாக உள்நுழைவு தரவில்லை. நூலகர் தன் பெயரில் திறந்துவைத்துவிட்டுப் போவார், அக்கா அதில் வேலை பார்ப்பார்.

அந்த நாட்களில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “தமிழ்ல அடிக்கிறதுக்கு நம்ம டைப்ரைட்டர் மாதிரி வராதா மேடம்?” நான் சிரித்தேன். “அதெல்லாம் பழசு அக்கா. இங்கிலீஷ்ல அம்மான்னு அடிங்க, தமிழ்ல அம்மான்னு வந்துடும். ஈசி.” அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுபடி கேட்கவில்லை.

மவுஸை வாங்கியதற்கு என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. வரிசையில் நின்ற பெண்கள் வாசகர்கள். அவர்களில் பலர் காலை ஆறரை மணிப் பேருந்தில் கிளம்பி வருகிறவர்கள். அந்த இருபது நிமிடம் போனால் அன்றைக்குப் புத்தகம் இல்லை. அவர்கள் நேரத்தைச் சேமிப்பது எப்படித் தவறாகும்?

தவறில்லை. ஆனால் சேமித்த நேரத்தை எங்கிருந்து எடுத்தேன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா அந்தப் பிழையோடு மல்லாடி அதைக் கடந்திருக்க வேண்டிய நேரம் அது. பின்னாளில் அவரிடமே கேட்டேன், அன்றைக்கு எப்படி இருந்தது என்று. “அன்னிக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஆனா மறுநாளும் அதே எர்ரர் வந்துச்சு மேடம். அன்னிக்கு நீங்க இல்ல” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பிள்ளைங்க முன்னாடி எந்திரிச்சு நின்னதுதான் ஒரு மாதிரி இருந்துச்சு” என்றார்.

ரங்கநாதனின் வாழ்க்கையில் ஒரு செய்தி உண்டு. நூலக மாணவிகளுக்கு அது பாடத்திலேயே வரும். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு நூலக வேலை தெரியாது. பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். அந்த ஆண்டே லண்டனுக்குப் போய்ப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்றார், இங்கிலாந்தின் பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார், மறு ஆண்டு திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். அவர் மேதை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மேதைக்கும் தெரியாதவராக இருக்க ஓர் அனுமதி தேவைப்பட்டது. பதவியையும் கொடுத்து, கற்கப் பல மாதங்களையும் கொடுத்து, அவர் திரும்பி வரும்வரை காத்திருக்க ஒரு நிறுவனம் இருந்தது. அக்காவுக்குக் கிடைத்தவை இரண்டு சனிக்கிழமைகள். அவையும் விடுமுறை நாட்கள்.

‘கற்றுக்கொள்ளத் தயங்குகிறார்கள்’ என்று வயதான பெண் ஊழியர்களைப் பற்றி எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கற்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. ஓர் உதவிப் பேராசிரியர் புரொஜெக்டரை இயக்கத் தெரியாமல் நின்றால், கருவியில் கோளாறு என்பார்கள். ஓர் உதவியாளர் நின்றால் அவருக்கே கோளாறு. தொகுப்பூதியத்தில் இருப்பவர் ‘எனக்கு இது தெரியவில்லை’ என்று சொல்வது, ‘என்னை அடுத்த ஆண்டு எடுக்காதீர்கள்’ என்று சொல்வதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் தெரியாததை மறைத்துக்கொண்டே கற்க வேண்டும். மறைத்துக் கற்கிறவர் மெதுவாகத்தான் கற்க முடியும்.

உதவி போய்ச் சேரும் இடத்தை நான் என் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். என் அம்மா ஒரு காலத்தில் எங்கள் தெருவில் சீட்டுப் பிடித்தவர். இருபது பேர் கணக்கை வாயிலேயே வைத்திருப்பார், ஒரு பைசா பிசகாது. அப்பா இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் வங்கிக்கு வந்தது. ஏடிஎம் அட்டையும் வந்தது. “நீ எதுக்கும்மா வெயில்ல அலையிற, நான் எடுத்துட்டு வந்துடறேன்” என்றான் தம்பி. அவன் நல்ல பிள்ளை, கேட்ட அன்றே பணத்தைக் கொண்டுவந்து தருவான். இன்றைக்கு அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் தம்பி சொல்வான், ஆனால் கேட்க வேண்டும். கேட்பது சந்தேகப்படுவது போல ஆகிவிடும் என்று அம்மா கேட்பதில்லை. யாரும் அவரிடமிருந்து எதையும் திருடவில்லை. அன்பாகத்தான் எல்லாம் நடந்தது. அந்த அன்பின் முடிவில், இருபது பேர் கணக்கைச் சுமந்த ஒருத்திக்குத் தன் ஒரு கணக்கு தெரியாமல் போய்விட்டது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இப்படி ஒன்று நினைவுக்கு வரலாம். ‘நீ உக்காரு, நான் ஓட்டறேன்’ என்று வாங்கப்பட்ட வண்டிச் சாவி. ‘உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி’ என்று பூர்த்தி செய்யப்பட்ட படிவம். ஆண்கள் பெண்களிடம் செய்யும்போது இதை அடையாளம் காண நமக்குத் தெரியும். ஒரு பெண், அதிலும் பெண்ணியம் பாடம் நடத்துகிற ஒரு பெண், இன்னொரு பெண்ணிடம் செய்யும்போது அதற்கு நாம் கருணை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

டைப்ரைட்டர் விஷயத்துக்கு வருகிறேன். நான் சிரித்து ஒதுக்கிய அந்தக் கேள்வியை அக்கா பல மாதங்கள் கழித்து இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியிடம் கேட்டிருக்கிறார். அவளுக்குத் தெரியாது, ஆனால் அவள் சிரிக்கவில்லை. “தேடிப் பாப்போம்க்கா” என்று உட்கார்ந்து தேடியிருக்கிறாள். தமிழ் அடிக்கும் மென்பொருளின் அமைப்புப் பகுதியில் விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. ஆங்கில ஒலிபெயர்ப்பு, தமிழ்99, அதற்குக் கீழே பழைய தட்டச்சு. அதைத் தேர்ந்தெடுத்த நிமிடம் அக்காவின் பத்து விரல்களும் இறங்கின. அவர் தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர். அதை நான் இருபது ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்டதில்லை. தமிழ் எம்.ஏ., பிஎச்.டி. படித்த நான் இன்றும் ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தமிழை வரவழைக்கிறேன். எனக்கு எது சுலபமோ அதுவே சுலபம் என்று நினைத்திருந்தேன். அக்கா மெதுவானவர் என்று நாங்கள் முடிவு செய்திருந்த அத்தனை மாதங்களும், ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காக அமைக்கப்பட்ட ஒரு விசைப்பலகையில் அவர் தமிழைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் எழுதிய நூலில், அறிகிறவர் என்ற நிலையிலேயே ஒருவருக்கு இழைக்கப்படும் அநீதி என்று ஒன்றை விளக்குகிறார். ஒருவர் யார் என்பதைப் பார்த்து, அவர் சொல்லுக்கு உரிய மதிப்பைவிடக் குறைவான மதிப்பைக் கேட்பவர் தருவது அதன் ஒரு வடிவம். நான் இதை முதுகலை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு நீதிமன்றம், காவல் நிலையம், மருத்துவமனை என்று எங்கெங்கோ போவேன். ‘அதெல்லாம் பழசு அக்கா’ என்று நூலகக் கவுன்டரில் நான் சொன்னது நினைவுக்கு வந்ததே இல்லை. அதே கேள்வியை எங்கள் துறைத் தலைவர் கேட்டிருந்தால் நானும் உட்கார்ந்து தேடியிருப்பேன்.

விரல்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் அக்காவிடம் இருந்த இன்னொன்று வெளியே வந்தது. எம்.ஏ. மாணவி ஒருத்தி தன் திட்டக் கட்டுரையில் ‘ஒரு காவிரியைப் போல’ நாவலை அம்பை எழுதியதாகக் குறித்திருந்தாள். சிவப்பு மையில் சுழித்துக் கடிந்துகொண்டேன். அவள் கணினியில் காட்டினாள். அம்பையின் இயற்பெயர் சி.எஸ். லக்ஷ்மி. பெண் எழுத்தாளர்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு நூல் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ‘ஒரு காவிரியைப் போல’ எழுதி 1984இல் சாகித்திய அகாதமி விருது பெற்றவர் வேறொரு லக்ஷ்மி, திரிபுரசுந்தரி என்ற இயற்பெயர் கொண்ட மருத்துவர். தகவல் ஏற்றியவர்கள் இருவரையும் ஒரே லக்ஷ்மியாக்கிவிட்டார்கள். இன்னொருத்தி பெண் எழுத்தாளர் பட்டியலில் சுஜாதாவையும் புஷ்பா தங்கதுரையையும் சேர்த்திருந்தாள். இருவரும் ஆண்கள் என்பது என் தலைமுறைக்குத் தெரியும். இருபது வயதுப் பெண்ணுக்குத் திரையில் தெரிவது பெயர் மட்டும்தான்.

அக்கா மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்தார். அட்டைப் பதிவுக் காலத்திலிருந்தே, யாராவது கேட்டுத் தேடிக் கண்டுபிடித்த புனைபெயர்களை எழுதிவைத்த நோட்டு. அநுத்தமா – ராஜேஸ்வரி. சல்மா – ரொக்கையா. ஒவ்வொன்றுக்கும் நேரே எந்த பீரோ, எந்தத் தட்டு. வீட்டுக்குத் தெரியாமல் எழுதப் புனைபெயரில் ஒளிந்துகொண்ட பெண்களும் உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவரை நூலகம் மறந்துவிட்டால், அவர் இரண்டாவது முறையும் ஒளிந்துபோகிறார். கோஹாவில் இதற்கென்றே அதாரிட்டி பதிவு என்று ஒரு பகுதி உண்டு. எந்தப் பெயரில் தேடினாலும் உரிய ஆளிடம் கொண்டுசேர்க்கும் பதிவு. எங்கள் நூலகத்தில் அது காலியாகக் கிடந்தது. மாலை நான்கு மணிக்குப் பிறகு தினமும் ஐந்தாறு பெயராக அக்கா நிரப்பினார். லக்ஷ்மிகள் பிரிந்தார்கள்.

இந்தப் பதிவுகளுக்கு அடிப்படையான ‘மார்க்’ என்ற வடிவமைப்பை 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு பெண்தான், ஹென்றியட் அவ்ராம். அவர் நூலகப் படிப்புப் படித்தவர் அல்லர். நிரல் எழுதுபவராக வந்து, நூற்பட்டியலின் நுட்பங்களை வேலையில் இருந்துகொண்டே கற்றவர். அக்காவிடம் இதைச் சொன்னேன். “அப்ப அந்தம்மாவுக்கும் மொதல்ல தெரியாதா?” என்று கேட்டார்.

கோஹா என்பது நியூசிலாந்தின் மாவோரி மொழிச் சொல். அந்நாட்டின் ஹொரோஃபெனுவா என்ற ஊர்ப்பகுதியின் நூலகத்துக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்து, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்ட மென்பொருள் இது. கோஹா என்றால் விருந்தினர் கொண்டுவரும் காணிக்கை. வாங்கியவர் பிறிதொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் செய்முறை என்போம், மொய் நோட்டில் எழுதிவைப்போம். திரும்பச் செய்ய இடம் இருப்பதால்தான் செய்முறை வாங்குகிறவருக்குத் தலைகுனிவு இல்லை. நான் அக்காவுக்குச் செய்த உதவியில் அவர் திரும்பச் செய்ய இடம் வைக்கவில்லை. அவரிடம் எனக்குத் தர ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தால்தானே இடம் வைப்பேன்? முனைவர் பட்டம் வாங்கும்வரை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதையெல்லாம் நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

அப்படியானால் அந்தப் பதினொரு மணிக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்? வரிசையை விட்டுவிட முடியாது. அக்காவை எழுப்பி நிறுத்தியிருக்கவும் கூடாது. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, ‘அந்த மேல் கட்டம்’ என்று வாயால் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் கூடியிருக்கும். இதைவிட முக்கியமாக, அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுப்பது ஒரு தனி மனுஷியின் நல்ல குணத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. இப்போது வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். திருப்பித் தரும் புத்தகங்களை மாணவிகள் அதில் போட்டுவிட்டுப் போகலாம், கூட்டம் போன பிறகு அக்கா நிதானமாகப் பதிவு செய்வார். பயிற்சி வேலை நேரத்தில், தமிழில் நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். அடுத்த பயிற்சி அப்படி நடந்தது. அக்காவுக்குத் தனி உள்நுழைவு வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தோம். ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்து ஏழு மாதம் ஆகிறது. அவர் சேர்த்த பெயர்கள் எல்லாம் கணினியின் பதிவேட்டில் நூலகர் செய்தவையாகவே இருக்கின்றன. ஊதியமும் பழைய தொகுப்பூதியம்தான். பொறுமையால் தீராத பகுதி இது.

போன மாதம் ஆசிரியர்கள் எல்லோரும் தங்கள் கட்டுரைகளைக் கல்லூரியின் மின்களஞ்சியத்தில் தாங்களே ஏற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நூலகக் கணினியில் உட்கார்ந்தேன். மூன்றாவது திரையில் சிக்கிக்கொண்டேன். எதை அழுத்தினாலும் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. பக்கத்தில் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வகுப்புக்குப் பத்து நிமிடம். எரிச்சலாக இருந்தது. “நீங்களே பண்ணிடுங்களேன் அக்கா” என்று மவுஸை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் மவுஸைத் தொடவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன.

“தேதி போட்டீங்களா பாருங்க, மேல. அவசரமில்ல, நான் இங்கதான் இருக்கேன்” என்றார்.